வீடு தேடி வந்த நூலகம்
ஆங்கிலமும் வரலாறும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை



இன்டர்மீடியட் முடித்த மகளோ மகனோ "நான் பி.ஏ.வில் ஆங்கிலம் எடுக்கப் போகிறேன்" என்றோ, "எனக்கு வரலாறுதான் பிடிக்கிறது" என்றோ சொன்னால் நம் வீடுகளில் ஒரு கணம் பேச்சு நின்றுவிடுகிறது. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் எந்தப் பயிற்சி நிலையம் நல்லது, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். கலைப் பாடம் படிக்கும் பிள்ளைக்கு எந்த வகையில் துணை நிற்பது என்பதுதான் தெரிவதில்லை. சொந்த ஊரில் இருந்தாலாவது தாத்தா சேர்த்து வைத்த புத்தக அலமாரி இருக்கும். தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவராவது இருப்பார். வேலை நிமித்தமாக ஹைதராபாத்துக்கும் செகந்திராபாத்துக்கும் வந்து குடியேறிய நமக்கு அந்த வசதி இல்லை.

அந்தக் குறையைப் பெரும் அளவுக்குத் தீர்க்கக்கூடிய நூலகங்கள் இன்று இணையத்தில் ஒரு காசு செலவில்லாமல் திறந்து கிடக்கின்றன. ஆனால் அவற்றின் பெயரே தெரியாததால் பல மாணவர்கள் கைடு புத்தகத்தையும், தேடலில் முதலில் வந்து நிற்கும் ஏதோ ஒரு பக்கத்தையும் நம்பித் தேர்வு எழுதுகிறார்கள். சிலர் பணம் கொடுத்து 'புராஜெக்ட்' எழுதி வாங்குகிறார்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். எந்தெந்த நூலகங்கள் உள்ளன, அவற்றை எப்படிப் பயன்படுத்துவது, எதில் எச்சரிக்கை வேண்டும் என்பவற்றை இங்கே பார்ப்போம்.

நூலகமே ஆய்வுக்கூடம்

வேதியியல் மாணவனுக்கு ஆய்வுக்கூடம் எப்படியோ, ஆங்கிலமும் வரலாறும் படிப்பவருக்கு நூலகம் அப்படி. ஆய்வுக்கூடத்துக்குள் நுழையாமல் வேதியியல் பட்டம் தர மாட்டார்கள். ஆனால் மூல நூல் ஒன்றைக்கூடத் தொடாமல் இலக்கியப் பட்டமும் வரலாற்றுப் பட்டமும் வாங்கிவிட முடிகிறது. சான்றிதழ் கிடைக்கும், ஆனால் நெட் தேர்விலும், முதுகலை நுழைவுத் தேர்விலும், நேர்முகத்திலும் வெறும் குறிப்புகளைப் படித்தவரின் நிலை தெரிந்துவிடும்.

இந்தப் படிப்புகளுக்கு நம் ஹைதராபாத் சாதாரண ஊர் அல்ல. உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918-இல் தோன்றியது. ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1958-இல் இங்கே தொடங்கப்பட்ட மத்திய ஆங்கில நிறுவனம்தான் வளர்ந்து, 2007 முதல் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. 1964-இல் உஸ்மானியா வளாகத்தில் அமைந்த அமெரிக்கவியல் ஆய்வு மையத்தின் நூலகத்தைத் தேடி இந்தியா முழுவதிலுமிருந்து ஆராய்ச்சி மாணவர்கள் ரயிலேறி வந்தார்கள். சில வாரங்கள் தங்கி, பக்கம் பக்கமாகக் கையால் குறிப்பெடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்த நாளில் உறுப்பினர் அட்டை உள்ளவருக்கே நூலகம் சொந்தம். இன்று மல்காஜ்கிரியில் ஒரு வீட்டில் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயதுப் பெண்ணும் அதில் ஒரு பகுதியைத் திறந்து பார்க்க முடிகிறது.

நம் ஊரிலேயே நடந்த வேலை

இந்தக் கதையில் ஹைதராபாத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சித்தூர் மாவட்டம் காட்டூரில் பிறந்து, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராகப் புகழ்பெற்றவர் ராஜ் ரெட்டி. கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை 1994-இல் பெற்றவர். பத்து லட்சம் புத்தகங்களைப் படம் பிடித்து உலகுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்ற திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். அதன் இந்தியப் பகுதிதான் 'டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா'. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் இதில் முன்னின்றது. ஹைதராபாத் ட்ரிபிள் ஐ.டி. ஒரு பெரிய ஸ்கேன் மையமாகச் செயல்பட்டது. நம் ஊர் நூலகங்களிலிருந்து புத்தகங்கள் எடுத்துச் செல்லப்பட்டு, பக்கம் பக்கமாகப் படமாக்கப்பட்டன.

அந்தத் திட்டத்தின் சொந்த இணையதளம் பின்னர் நின்றுபோனது. நல்லவேளையாக, லட்சக்கணக்கான நூல்களின் படிகளை 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தன் சேமிப்பில் வைத்துக் காப்பாற்றி வருகிறது. ப்ரூஸ்டர் கேல் என்பவர் 1996-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய லாப நோக்கற்ற நூலகம் அது. அதன் முகவரி ஆர்க்கைவ் டாட் ஆர்க். அங்கே ஒரு பழைய நூலைத் திறந்தால், பல வேளைகளில் முதல் பக்கத்தில் 'உஸ்மானியா யுனிவர்சிட்டி லைப்ரரி' என்ற சீட்டும், புத்தகத்தை இந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற அறிவிப்பும் தெரியும். தார்நாகா வழியே தினம் பேருந்தில் போகிற நமக்கு அந்தச் சீட்டைக் கணினித் திரையில் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

இதில் தேடுவதற்கு ஒரு தந்திரம் வேண்டும். ஸ்கேன் செய்தபோது நூற்பெயர்களை ரோமன் எழுத்தில் அவசரமாகப் பதிந்திருக்கிறார்கள். பிழைகள் மலிந்து கிடக்கின்றன. எனவே ஒரு முறை தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. திருக்குறளை டி, ஹெச் போட்டும் தேட வேண்டும்; ஹெச் இல்லாமலும் தேட வேண்டும்; 'குறள்' என்று மட்டும் போட்டும் பார்க்க வேண்டும். நூற்பெயர் அகப்படாவிட்டால் ஆசிரியர் பெயரால் தேட வேண்டும்.

ஆங்கில இலக்கியம் படிப்பவருக்கு

ஆங்கில மாணவர்கள் முதலில் அறிய வேண்டியது 'புராஜெக்ட் குட்டன்பர்க்'. மைக்கேல் ஹார்ட் என்ற அமெரிக்க மாணவர் 1971-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைக் கணினியில் தட்டச்சு செய்ததில் தொடங்கிய இந்தப் பணியில் இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. ஜேன் ஆஸ்டின், டிக்கன்ஸ், ஜார்ஜ் எலியட், தாமஸ் ஹார்டி என்று பாடத்திட்டத்தில் வரும் பழைய ஆசிரியர்கள் ஏறக்குறைய அனைவரும் இருக்கிறார்கள். நூல்கள் எழுத்துகளாகவே இருப்பதால் கைபேசியில் வசதியாகப் படிக்கலாம். ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்றும் தேடிப் பார்க்கலாம்.

ஷேக்ஸ்பியருக்கு மட்டும் வேறு இடம் செல்வது நல்லது. வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகம் நாடகங்கள் அனைத்தையும் அங்கம், காட்சி, வரி எண்களோடு இலவசமாகத் தருகிறது. கட்டுரையில் மேற்கோள் காட்டும் மாணவருக்கு வரி எண் மிகவும் முக்கியம்.

இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். சரோஜினி நாயுடு 1879-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். அவருடைய முதல் பெரும் கவிதைத் தொகுதியான 'தி கோல்டன் த்ரெஷோல்ட்' 1905-இல் லண்டனில் வெளிவந்தது. நாம்பள்ளியில் இன்றும் அதே பெயரில் நிற்கும் வீட்டில்தான் 1974-இல் ஹைதராபாத் பல்கலைக்கழகம் தன் பணியைத் தொடங்கியது. இந்த நூல் குட்டன்பர்க்கில் முழுமையாக உள்ளது. ஆங்கிலக் கவிஞர் ஆர்தர் சைமன்ஸ் எழுதிய முன்னுரையும் அதில் இருக்கிறது. சரோஜினி தம் இளமையைப் பற்றித் தாமே எழுதிய கடிதப் பகுதிகளை அந்த முன்னுரையில் படிக்கலாம். எந்தக் கைடு புத்தகமும் தராத மூலச் சான்று இது.

அந்தத் தொகுதியில் சோழமண்டலக் கரை மீனவர்களைப் பற்றி ஒரு கவிதை உண்டு. அதில் 'கேட்டமரான்' என்ற சொல் வருகிறது. பிற மாணவர்கள் அடிக்குறிப்பைப் பார்ப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு அது கட்டுமரம் என்று கேட்டவுடனே தெரியும். அந்த இடத்தில் நின்றுவிடாமல் அடுத்த படிக்குப் போக வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகம் 'டிஜிட்டல் சவுத் ஏஷியா லைப்ரரி' என்ற தளத்தை நடத்துகிறது. அதில் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்ற அகராதி இருக்கிறது. யூல், பர்னெல் என்ற இருவர் தொகுத்து 1886-இல் வெளியிட்டது. இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைப் பற்றியது. இவர்களில் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். கேட்டமரான், கறி, சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை ஐரோப்பியரின் எழுத்தில் எந்தெந்த ஆண்டு எப்படி எழுதப்பட்டன என்று பழைய மேற்கோள்களோடு அது காட்டுகிறது. 'கோரமண்டல்' என்ற பெயர் சோழமண்டலத்திலிருந்து வந்ததைப் பற்றிய விளக்கமும் உண்டு.

இதே தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இருக்கிறது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த அந்த அகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு கவிதையில் வந்த ஒரு சொல்லிலிருந்து ஒரு நல்ல கட்டுரை பிறந்துவிடும். தமிழ் தெரிந்த ஆங்கில மாணவருக்கு இருக்கும் கூடுதல் முதல் இது. பிள்ளைகள் அதைச் சுமையாக எண்ணுகிறார்கள். நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலமும் வரலாறும் சந்திக்கும் இடம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலைப் படிக்கும்போது அந்தக் கால லண்டன் திருடர்களும் நீதிமன்றமும் கற்பனையா உண்மையா என்ற கேள்வி எழும். லண்டனின் 'ஓல்ட் பெய்லி' நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த வழக்குகளின் அச்சிட்ட நடவடிக்கைகள் 'ஓல்ட் பெய்லி ஆன்லைன்' தளத்தில் இலவசமாக உள்ளன. கைக்குட்டை திருடிய சிறுவன் என்ன சொன்னான், என்ன தண்டனை பெற்றான் என்பதை அதில் படித்துவிட்டு நாவலுக்குத் திரும்பினால், வகுப்பில் கேட்ட பாடம் வேறு மாதிரி தெரியும்.

வரலாறு படிப்பவருக்கு

வரலாற்றுக்கு நம் ஊர்க்காரர் அனைவரும் கேள்விப்பட்ட ஒரு நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். 1908 செப்டம்பர் 28-இல் மூசி நதி பெருக்கெடுத்து ஹைதராபாத்தை அழித்தது. இறந்தவர்கள் சுமார் 15,000 என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துப் புளியமரத்தில் ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் பிழைத்தார்கள் என்பதும் எல்லோரும் சொல்லும் செய்தி. இதைப் பற்றி ஒரு கல்லூரி மாணவர் வீட்டிலிருந்தே ஆராய முடியுமா? நன்றாக முடியும்.

முதலில், வெள்ளத்துக்கு முந்திய நகரம் எப்படி இருந்தது? மேலே சொன்ன சிகாகோ தளத்திலேயே 'இம்பீரியல் கெஸட்டியர் ஆஃப் இந்தியா' இருக்கிறது. 1908-இல் வெளிவந்த அதன் 13-ஆம் தொகுதியில் ஹைதராபாத் சமஸ்தானத்தையும் நகரத்தையும் பற்றிய விரிவான கட்டுரைகள் உள்ளன. ஒரு எச்சரிக்கை: சிந்து மாகாணத்து ஹைதராபாத்தும் அதே தொகுதியில்தான் வருகிறது. அவசரத்தில் அந்த ஊர்ப் புள்ளிவிவரத்தை எழுதிவிடக் கூடாது.

அடுத்து, 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கறிக்கை. நிஜாம் சமஸ்தானத்துக்கான தொகுதியை இன்டர்நெட் ஆர்க்கைவில் தேட வேண்டும். தொழில், மதம், தாய்மொழி என்று அட்டவணைகள் வரும். அன்றைய நிஜாம் நாட்டில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பதற்கும் அதுவே இடம். நம் சங்கத்து இளைஞர்களில் யாராவது இதை எடுத்துச் செய்தால், செகந்திராபாத் தமிழர் வரலாற்றுக்கு அது முதல் படியாக அமையும்.

மூன்றாவது, வெள்ளத்தை அன்றைய செய்தித்தாள்கள் எப்படி எழுதின? இந்திய நாளேடுகளில் பல இன்னும் கட்டணத் தளங்களில் அடைபட்டுக் கிடக்கின்றன. ஆனால் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளமும் நியூசிலாந்து தேசிய நூலகத்தின் 'பேப்பர்ஸ் பாஸ்ட்' தளமும் தங்கள் நாட்டுப் பழைய நாளேடுகளை யாருக்கும் இலவசமாகக் காட்டுகின்றன. இந்தியச் செய்திகள் தந்தி மூலம் அந்த நாடுகளுக்கும் போய்க்கொண்டிருந்தன. 1908 அக்டோபர் என்று காலத்தைக் குறித்து நம் ஊர்ப் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு செய்தியும் தரும் எண்ணை எழுதி வைத்து, பின்னால் வந்த நூல்கள் தரும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். எண்கள் ஒத்துப்போகாத இடத்தில்தான் வரலாற்று மாணவரின் வேலை தொடங்குகிறது. யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், நேரில் கண்டவரா, கேட்டு எழுதியவரா என்று விசாரிக்க வேண்டும்.

நான்காவது, பொறுப்பில் இருந்தவரின் வாய்மொழி. வெள்ளத்துக்குப் பிறகு 1909-இல் நிஜாம் அரசு அழைத்து வந்த பொறியாளர் எம். விஸ்வேஸ்வரய்யா. இன்று நாம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பார்க்கப் போகும் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஆகிய இரண்டும் அவர் காட்டிய வழியில் வெள்ளத் தடுப்புக்காக எழுந்தவை. 1951-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் ஹைதராபாத் பணியைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். அந்த நூலும் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கிறது.

நான்கு இடங்களையும் பார்த்து முடித்த மாணவர், கைடு புத்தகத்தில் இரண்டு வரியாக இருந்ததை இருபது பக்கக் கட்டுரையாகச் சொந்த உழைப்பில் எழுதலாம். பேருந்துச் செலவுகூட இல்லை.

இன்னும் மேலே போக விரும்புவோருக்கு மத்திய அரசின் இரண்டு தளங்கள் உள்ளன. டெல்லியிலுள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகம் 2015 முதல் 'அபிலேக் படல்' என்ற தளத்தை நடத்துகிறது. பிரிட்டிஷ் இந்திய அரசின் கோப்புகளைத் தலைப்பு வாரியாகத் தேடலாம். ஸ்கேன் செய்யப்பட்டவற்றைப் பதிவு செய்துகொண்டு படிக்கலாம். 'இண்டியன் கல்ச்சர்' என்ற மற்றொரு தளத்தில் அரிய நூல்கள், தொல்லியல் அறிக்கைகள், அரசிதழ்கள் முதலியன உள்ளன. காந்தியடிகளின் எழுத்துகள் நூறு தொகுதிகளும் 'காந்தி ஹெரிடேஜ் போர்ட்டல்' தளத்தில் கிடைக்கின்றன.

முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும்

பாடம் புரியவில்லை என்பவர்கள் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் 'இ-ஞான்கோஷ்' தளத்தைப் பார்க்கலாம். எம்.ஏ. ஆங்கிலத்துக்கும் எம்.ஏ. வரலாற்றுக்கும் அந்தப் பல்கலைக்கழகம் அச்சிட்ட பாடநூல்கள் பாடம் பாடமாக உள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 'இ-பிஜி பாடசாலா'வும் இப்படியே. தனிப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இவ்விரண்டையும் ஒரு மாதம் படித்துப் பார்ப்பது நல்லது.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு 'ஜேஸ்டோர்' புகழ்பெற்றது. அது கட்டணத் தளம் என்று பலர் பக்கத்திலேயே போவதில்லை. ஆனால் தனி நபர் எவரும் மின்னஞ்சல் முகவரி கொடுத்து இலவசக் கணக்குத் தொடங்கி, மாதத்துக்கு 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம். பதிவிறக்கம் மட்டும் செய்ய இயலாது. மிகப் பழைய இதழ்களின் கட்டுரைகள் பலவற்றுக்குக் கணக்குகூடத் தேவையில்லை. முழுவதும் இலவசமான ஆய்வு இதழ்களின் பட்டியல், ஸ்வீடனில் 2003-இல் தொடங்கிய 'டி.ஓ.ஏ.ஜே.' தளத்தில் இருக்கிறது. தன்னை ஆய்வு இதழ் என்று சொல்லிக்கொண்டு பணம் பறிக்கும் போலி இதழ்களிலிருந்து தப்பிக்கவும் இந்தப் பட்டியல் உதவும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு 'ஷோத்கங்கா' உள்ளது. தலைப்புத் தேர்ந்தெடுக்கும் முன் அதே தலைப்பில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கும், ஒவ்வோர் ஆய்வேட்டின் முடிவிலும் உள்ள நூற்பட்டியலைப் பயன்படுத்துவதற்கும் அது நல்லது. வரிக்கு வரி எடுத்து ஒட்டுவதற்கு அல்ல. 2018-ஆம் ஆண்டு மானியக் குழு விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவிகிதத்தைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும். 40 சதவிகிதத்தைத் தாண்டினால் ஓராண்டுக்கு மீண்டும் சமர்ப்பிக்க முடியாது. 60 சதவிகிதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். பணம் கொடுத்து எழுதி வாங்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் எங்கே எடுத்தார் என்பது இவர்களுக்குத் தெரியாது. தண்டனை மட்டும் இவர்களுக்கு.

மற்றொன்று: 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்வு இதழ்களை அரசுக் கல்வி நிறுவன மாணவர்கள் தங்கள் நிறுவனத்தின் வழியாகக் கட்டணமின்றிப் படிக்கலாம். பிள்ளை அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படித்தால், நூலகரைப் பார்த்து இதைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

தமிழும் கைகொடுக்கும்

நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் திணறுவார்கள். அப்படிப்பட்டவர்களும் தமிழ் மூலங்களின் பக்கம் வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். தென்னிந்திய வரலாற்றை ஆங்கில நூல்களை மட்டும் கொண்டு எழுதுபவர் பாதி உண்மையைத்தான் எழுதுவார்.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரையிலான தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரமும், உலகின் பல மூலைகளிலிருந்து தட்டச்சு செய்து அனுப்பிய தமிழர்களும் ஊதியமின்றி எழுப்பிய கட்டடம் அது. புலம்பெயர்ந்த தமிழர் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' தளம் உள்ளது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நினைவில் கொண்டு பார்த்தால், ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைப்பது எவ்வளவு அவசியம் என்பது விளங்கும்.

கவனிக்க வேண்டியவை

1. இலவசமாகக் கிடைப்பதெல்லாம் சட்டப்படி கிடைப்பதல்ல. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1964-இல் மறைந்த நேருவின் வாழ்நாளில் வெளிவந்த நூல்கள் 2025 ஜனவரி 1 முதல் பொதுவுடைமையாகிவிட்டன. அண்மைக்கால ஆசிரியரின் நூல் முழுதும் ஏதோ ஒரு தளத்தில் சும்மா கிடந்தால் அது திருட்டுப் பிரதியாக இருக்கலாம். கணினிக்கு நோய் கொண்டுவரும் கோப்பாகவும் இருக்கலாம்.

2. எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஆசிரியர் பெயர், பதிப்பாண்டு, பதிப்பகம், பக்க எண் ஆகியவற்றை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். "இணையத்தில் பார்த்தேன்" என்பது மேற்கோள் ஆகாது.

3. பழைய எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். அந்நாளைய ஆவணங்களில் காஞ்சிபுரம் 'கான்ஜீவரம்', தஞ்சாவூர் 'டாஞ்சோர்', தூத்துக்குடி 'டூட்டிக்கோரின்'. 1800-க்கு முந்திய ஆங்கில அச்சில் 'எஸ்' எழுத்து பெரும்பாலும் 'எஃப்' போலத் தோன்றும். அதைக் கணினியும் தவறாகப் படிக்கும்.

4. விக்கிப்பீடியா வாசலாக இருக்கட்டும். அங்கேயே குடியிருக்க வேண்டாம். கட்டுரையின் அடியில் உள்ள சான்றுகளைத் தேடிப் போவதே அதனால் வரும் பெரும் பயன்.

5. கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சில வேளைகளில் உலகில் இல்லாத நூலையும், எவரும் எழுதாத கட்டுரையையும் ஆண்டோடும் பக்கத்தோடும் சொல்லிவிடுகின்றன. அவை சொல்லும் நூலை நூலகத் தளத்தில் கண்ணால் பார்த்த பிறகே கட்டுரையில் சேர்க்க வேண்டும்.

6. தேவையானதை உடனே பதிவிறக்கி வையுங்கள். 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டு, அதன் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாட்கள் மூடப்பட்டது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட நூல் நாளை இல்லாமல் போகலாம்.

பெற்றோர் செய்யக்கூடியது

இவ்வளவும் இருக்கும்போது நேரில் நூலகம் போக வேண்டாமா என்றால், கட்டாயம் போக வேண்டும். 1891-இல் தோன்றிய ஆஸஃபியா நூலகத்தின் வாரிசாக அஃப்சல்கஞ்சில் உள்ள மாநில மத்திய நூலகமும், சிக்கட்பள்ளி நகர நூலகமும் பொதுமக்களுக்கு உரியவை. தார்நாகாவிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் ஷாஜஹான், ஔரங்கசீப் காலத்துப் பாரசீக ஆவணங்களே லட்சத்துக்கும் மேல் உள்ளன. இணையம் கைக்குக் கொண்டுவருவது ஒரு பகுதிதான். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு நூலகரின் மேசைக்குப் போனால், அவர் எடுத்துத் தருவது மற்றொரு பகுதி.

பெற்றோர் ஆங்கில இலக்கியமோ வரலாறோ படித்திருக்க வேண்டும் என்பதில்லை. மாதம் கட்டும் தரவு ரீசார்ஜ் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து, மேலே சொன்ன தளங்களில் ஒன்றே ஒன்றைத் திறந்து, உங்கள் சொந்த ஊரின் பெயரைத் தேடிப் பாருங்கள். இம்பீரியல் கெஸட்டியரில் பெரும்பாலும் உங்கள் தாலுகாவாவது இருக்கும். நூறாண்டுக்கு முன் அந்த ஊரில் என்ன விளைந்தது, எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்பதைப் பிள்ளை படிக்க, பாட்டி சொல்லக் கேட்ட கதைகளை நீங்கள் சொல்லலாம். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்கு ஆராய்ச்சி என்றால் என்ன என்பது புரிந்துவிடும். தான் எடுத்த படிப்பு வீட்டில் யாருக்கும் பாரம் அல்ல என்பதும் புரிந்துவிடும்.

நம் சங்கத்திலும் பள்ளி விடுமுறையில் ஒரு நாள், மூத்த மாணவர்கள் இளையவர்களுக்கு இந்தத் தளங்களைக் காட்டிச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யலாம். ஒரு கணினியும் ஒரு திரையும் போதும். விருப்பமுள்ள அன்பர்கள் முன்வர வேண்டுகிறேன்.